செல்வராணி வெட்டிய கயிறுகள்

தீபாவளிக் காலையில் உங்கள் வீட்டு அடுப்பில் கொதிக்கும் ஆட்டிறைச்சிப் பிரட்டலில் யாருடைய விரல் விழுந்திருக்கிறது என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா? முகம் சுளிக்க வேண்டாம். விலை கேட்டீர்கள். எலும்பைக் குறைத்துப் போடச் சொன்னீர்கள். கொழுப்பை நீக்கித் தரச் சொன்னீர்கள். வெட்டியவளின் கையில் எத்தனை விரல் மிச்சம் என்று மட்டும் கேட்கவில்லை. செல்வராணிக்குப் பத்தும் இருக்கின்றன. அவளோடு வேலை செய்த ரூபேந்திரனுக்கு எட்டு. லோஷினிக்கு ஐந்து. அந்த எண்ணிக்கை எப்படிக் குறைந்தது என்பதுதான் இந்தக் கதை.

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், மலாய் நாட்டு ஸ்கூடாயில், மாணவர்களும் கார்களும் முட்டிக்கொள்ளும் பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பினால் ஒரே மாதிரியான தொழிற்கூடங்கள் வரிசையாக நிற்கும். அதில் கடைசிக் கூடம் கமலநாதனுடையது. ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்து வரும் ஆடுகளை வெட்டி, எலும்பு பிரித்து, அரைத்து, வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் கல்யாணச் சமையல்காரர்களுக்கும் அனுப்புகிற இடம். செல்வராணி அங்கே பதினோரு வருடம் கத்தி பிடித்தாள். உள்ளே நுழைந்தால் முதலில் குளிர் அடிக்கும், பிறகு கொழுப்பு நாற்றம். தரையில் எப்போதும் ஒரு ஈரம், காலை வைத்தால் வழுக்கும். விறைத்த தொடையை ரம்பம் அறுக்கும்போது எழும் கூச்சல் வீட்டுக்குப் போன பிறகும் பல்லுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். ஆறு பேருக்குக் கம்பிப் பின்னல் கையுறை ஒன்றே ஒன்று. முதலில் வந்தவர் கைக்கு அது. மற்றவர்களுக்கு வெறுந்தோல். செல்வராணியின் இடது தொடையில் ஒரு தழும்பு உண்டு. எலும்பை விட்டு நழுவிய கத்தி ஏப்ரனையும் கால்சட்டையையும் கிழித்துக்கொண்டு இறங்கிய இடம். தையல் போட்ட மூன்றாம் நாளே வேலைக்கு வந்தாள்.

அவள் பிறந்தது சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில். தாய் ராஜம்மா மருந்தடிக்கும் வேலை செய்தாள். முதுகில் தொட்டி, கையில் குழாய், மூக்குக்கு ஒரு பழைய துண்டு. ராஜம்மாவின் நகங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்து விழுந்தன. பிறகு ஒரு கண் வெந்து போனது. கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி வந்து பார்த்துவிட்டு, "மாரியாத்தா பார்வை பட்டிருக்கு, வேப்பிலை அடிங்க" என்று சொல்லிப் போனார். மருந்துத் தொட்டியில் மண்டையோட்டுப் படம் போட்டிருந்தது. அந்தப் படத்தைச் சின்னப் பிள்ளை செல்வராணி பார்த்தாள், கிராணியும் பார்த்தார். வேப்பிலை அடித்தார்கள். கண் திரும்பி வரவில்லை. தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டபோது அவள் ஸ்கூடாய்க்கு வந்தாள். கிராணி சொன்ன வார்த்தையையும் கூடவே கொண்டுவந்தாள். மனிதன் செய்த காயத்துக்குச் சாமியைச் சாட்சிக்கு இழுக்கிறவனைக் கண்டால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

போன வருடத்து நடுவில் ரூபேந்திரனின் விரல்கள் போயின.

எலும்பறுக்கும் ரம்பத்தில் இறைச்சியை நகர்த்த ஒரு தள்ளுகட்டை இருக்க வேண்டும். இருந்தது, உடைந்து போனது, புதிது வரவில்லை. ரூபேந்திரன் கையாலேயே தள்ளினான். உறைந்த தொடை ஈர மேசையில் வழுக்கி உருண்டது. கை முன்னால் பாய்ந்தது. ரம்பத்தின் சத்தம் ஒரு நொடி மாறியது, அவ்வளவுதான். அதற்கு எல்லாம் எலும்புதான், ஆட்டெலும்பு வேறு, ஆள் எலும்பு வேறு என்று தெரியாது. வெள்ளைச் சுவரில் ரத்தம் விசிறி அடித்தது. ரூபேந்திரன் கத்தக்கூட இல்லை. தன் கையை யாரோ ஒருவருடைய கையைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றான். செல்வராணி தன் தலைத்துணியை உருவி அவன் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினாள். ஒரு விரல் மேசைக்கடியில் கிடைத்தது. இன்னொன்று எந்தப் பொட்டலத்தில் போனது என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் கமலநாதன் ரம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். உடைந்த தள்ளுகட்டை மூலையில் கிடந்தது. அவர் கண்ணில் அது படவே இல்லை.

"இது காவு கேக்குதுடா," என்றார். "மிஷின் பசியா இருக்கு. முனியாண்டிக்கு நாம ஒண்ணும் செய்யல. அதான்."

"மொதலாளி, பசி மிஷினுக்கு இல்ல. கட்டை ஒண்ணு வாங்கிப் போடுங்க," என்றாள் செல்வராணி.

"நீ பேசாம இரு செல்வராணி. ஒனக்கு எல்லாத்துலயும் ஒரு நொட்டை."

"நொட்டை சொல்லாம என்ன செய்ய? ரூபன் கைய எண்ணிப் பாருங்க."

கட்டை வரவில்லை. முனியாண்டி வந்தார். குளிர்ப்பெட்டி இயந்திரம் உறுமும் பின்சுவருக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்டு, ஒரு சூலமும் ஓர் அரிவாளும் நட்டார்கள். ஆயுதபூசையன்று யோங் பெங்கிலிருந்து பூசாரி வந்தார். சேவலை அரவை மிஷினுக்கு முன்னால் கொண்டுவந்து பிடித்தார்கள். ஒரே வெட்டு. தலை ஒரு பக்கம் போனது. தலையில்லாத உடம்பு கைப்பிடியை உதறிக்கொண்டு எழுந்து, சிறகடித்து, வெள்ளைத் தரை முழுக்க ஓடியது. பெண்கள் அலறி ஒதுங்கினார்கள். ரூபேந்திரன் மூன்று விரல் கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பார்த்தான். ரத்தத்தைத் தொட்டு ரம்பத்துக்கும் அரவை மிஷினுக்கும் பொட்டு வைத்தார் பூசாரி. பிறகு எல்லோருடைய வலது மணிக்கட்டிலும் கயிறு கட்டினார்.

அந்தக் கயிற்றை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சிவப்பு நைலான், சுண்டுவிரல் பருமன். முடிச்சுக்குக் கீழே இரண்டு நுனிகள் விரல் நீளத்துக்குத் தொங்கும். இழுத்துப் பார்த்தால் மாட்டைக் கட்டலாம்.

"தானா அறுந்து விழுற வரைக்கும் கழட்டக்கூடாது. கத்தி கித்தி பட்டா, அப்புறம் ரத்தம்தான்," என்றார் பூசாரி.

"கேட்டீங்களா?" என்றார் கமலநாதன். "கயிறு இல்லாதவங்க மிஷின் பக்கம் வரக்கூடாது."

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கூடத்தின் வாசலில் ஒரு நீலத் தட்டு உண்டு. உள்ளே நுழையும்முன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் அதில் போட வேண்டும். முன்பு ஒரு சமையல்காரர் இறைச்சிக்குள் வளையல் துண்டு கிடந்ததென்று சண்டைக்கு வந்த பிறகு வந்த சட்டம். தாலிக்கும் விலக்கில்லை. கல்யாணமான பெண்கள் தாலியைக் கழற்றிப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். நகை இயந்திரத்தில் சிக்கினால் கையோடு போகும் என்று அந்தத் தட்டுக்கு மேலேயே படம் போட்டு ஒட்டியிருந்தது. கழுத்திலிருந்து தாலி இறங்கியது. கையில் கயிறு ஏறியது. இரண்டுக்கும் உத்தரவிட்டது ஒரே வாய். அதில் உள்ள முட்டாள்தனம் அந்தக் கூடத்தில் யாருக்கும் உறைக்கவில்லை, செல்வராணியைத் தவிர. அவளும் வேலை போகும் என்று கையை நீட்டினாள்.

லோஷினி அப்போது வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இருபத்து நான்கு வயது. யோங் பெங்கில் வீடு, ஸ்கூடாயில் வாடகை அறை, ஓட்டுவதற்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள். சிங்கப்பூரில் வேலைக்கு அனுமதி வரும்வரை இங்கே ஒதுங்கியிருந்தாள். வாய் மட்டும் ஒதுங்காது.

"அக்கா, பூசாரி நம்ம ஊருதான். எங்க வீட்டு நாய்க்குக்கூட இதவிட மெல்லிசாத்தான் கட்டுவோம்," என்றாள் கயிற்றை ஆட்டிக்கொண்டே.

"நாய் வேலைக்கு வராதுல்ல."

"வந்தா மண்டோர் அதுக்கும் ஓவர்டைம் போட்டிருவாரு." மேற்பார்வையாளன் செல்வாவைத்தான் அப்படிச் சொல்வாள். தோட்டத்தில் ஆள் மேய்க்கும் மண்டோரைப் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பான்.

"ஏ லோஷினி, காது கேக்குது லா," என்றான் செல்வா.

"கேக்கட்டும்னுதான் மண்டோர்!"

தீபாவளி நெருங்கியது. கல்யாண மண்டபங்களும் கடைகளும் கொத்திறைச்சிக்கு நெருக்கின. அரவை மிஷினின் தொண்டைக்கு மேலே ஒரு கம்பிக்கூடு உண்டு. சின்னத் துண்டுகள் மட்டும் உள்ளே இறங்கும், மனிதக் கை இறங்காது. பெரிய துண்டுகளை முதலில் கத்தியால் நறுக்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். கமலநாதன் ஒரு காலையில் வந்து நின்றார்.

"செல்வா, அந்தக் கூட்டைக் கழட்டு."

செல்வா தலையைச் சொறிந்தான். "பாஸ், அது..."

"தீபாவளி முடிஞ்சதும் மாட்டிக்கலாம் லா. கயிறு கட்டியிருக்கு, பூசை போட்டிருக்கு. என்ன ஆயிரும்?"

செல்வராணி கத்தியை மேசையில் குத்தி நிறுத்தினாள். "நான் இன்னும் கொஞ்சம் வேகமா நறுக்கித் தரேன் மொதலாளி. கூடு இருக்கட்டும்."

"நீ நறுக்கி எப்ப முடிக்க? அடுத்த தீபாவளிக்கா?"

"அப்ப ஆள் போடுங்க."

"ஒன்னத் தூக்கிட்டுத்தான் ஆள் போடணும்," என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கச் சொன்னால் சிரிப்பதும் அங்கே வேலையில் ஒரு பாகம்.

கம்பிக்கூடு பின்னறையில், அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது.

அந்த வாரத்திலேயே, வெளியே மழை கொட்டிய ஒரு காலையில் அது நடந்தது. லோஷினி அரவை மிஷினில் நின்றாள். செல்வராணி மூன்றடி தள்ளித் தோள் எலும்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பாதி உறைந்த ஒரு துண்டு தொண்டையில் சிக்கிக்கொண்டு உருண்டது. லோஷினி அரவை மிஷினுக்கான மரக்குழவியால் அழுத்தினாள். நகரவில்லை. துண்டைத் திருப்பி வைக்கலாம் என்று விரல்நுனியால் அதன் மேல்முனையைப் பிடித்தாள். கை தொண்டைக்கு வெளியேதான் இருந்தது. தொங்கிய கயிற்று நுனிகள் உள்ளே இருந்தன.

கயிறுதான் முதலில் போனது. உள்ளே சுழன்ற திருகுத் தண்டு அதைப் பிடித்துச் சுற்றியது. கயிறு கையைக் கூட்டிக்கொண்டு போனது.

"அக்கா!" என்றாள் லோஷினி, யாரோ தோளைத் தட்டியதைப் போல. அடுத்தது ஒரு அலறல். அது ரம்பத்தை மீறி, மழையை மீறிக் கேட்டது. உடம்பு முழுதும் மிஷின் மேல் போய் மோதியது. கால்கள் வழுக்குத் தரையில் பிடிமானம் தேடி அடித்தன. மிஷினின் முன்வாயில் இருக்கும் துளைகள் வழியே கொத்திறைச்சி வந்துகொண்டிருந்தது. அதன் நிறம் மாறியது. செல்வராணி பாய்ந்தாள். சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள். நின்றது. அதற்குள் முன்கையில் பாதி உள்ளே இருந்தது.

அவள் லோஷினியைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள். அந்த உடம்பு தொய்ந்தால் கை கிழியும். "சாஞ்சுக்கடி, என் மேல சாஞ்சுக்க. இழுக்காத. பொம்பாவக் கூப்பிடுங்கடா!" என்று கத்தினாள். யாரோ தீயணைப்புப் படையை அழைத்தார்கள்.

கமலநாதன் ஓடிவந்தார். பார்த்தார். முகம் சாம்பலாகியது. அதற்கடுத்து அவர் வாயில் வந்த வார்த்தை என்ன தெரியுமா?

"ரிவர்ஸ் போடு. பொம்பா வர்றதுக்குள்ள கைய வெளிய எடுத்துரலாம். செல்வா, ரிவர்ஸ் போடுறா!"

தண்டைப் பின்னோக்கிச் சுற்றினால், உள்ளே போகும்போது நசுங்கியது வெளியே வரும்போது இன்னொரு தடவை நசுங்கும். அது கமலநாதனுக்கும் தெரியும். கூடு இல்லாத மிஷினில் கை மாட்டியபடி தீயணைப்புக்காரர்கள் பார்த்துவிடக் கூடாது. அவருக்கு அதுதான் அவசரம்.

செல்வா பொத்தானை நோக்கிக் கையை நீட்டினான். செல்வராணி லோஷினியை ரூபேந்திரன் மேல் சாய்த்துவிட்டு, சுவரிலிருந்து மின்செருகியைப் பிடுங்கினாள். எலும்பு வெட்டும் கத்தியை எடுத்தாள். தரையில் கிடந்த கறுப்பு ஒயரைக் காலால் மிதித்து, ஓங்கி வெட்டினாள். ஒயர் இரண்டாகத் துள்ளியது. கமலநாதன் அவள் கன்னத்தில் அறைந்தார். உதடு கிழிந்தது. அவள் கத்தியை இறக்கவில்லை.

"இன்னொரு அடி முன்னால வச்சின்னா, அடுத்தது ஒன் கை, கமலநாதா."

பதினோரு வருடத்தில் அவள் அவரைப் பேர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. அவர் அந்த அடியை எடுத்து வைக்கவில்லை.

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். கை உள்ளே இருக்கும்போதே மிஷினின் தலைப்பகுதியை மட்டும் கழற்றி, கையோடு சேர்த்துத் துணியில் சுற்றினார்கள். இரும்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு செல்வராணி ஆம்புலன்சில் ஏறினாள். லோஷினிக்கு நினைவு இருந்தது.

"அக்கா, பைக்க மழைல விட்டுட்டேன். சாவி பாக்கெட்ல இருக்கு. யாராச்சும் உள்ள தள்ளச் சொல்லுங்க," என்றாள்.

"சொல்றேன்டி."

"கை வலிக்கல அக்கா. ஏன் வலிக்கல?"

செல்வராணி இரும்பை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மருத்துவமனையில் கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்தார்கள். வேறு வழி இல்லை. கழற்றிய இரும்புத் தலையை ஒரு மஞ்சள் பையில் போட்டு, யாருடையது என்று கேட்டு, வெளியே இருந்த செல்வராணியிடமே கொடுத்துவிட்டார்கள். அவள் அதைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது.

மத்தியானம் செல்வா வந்தான். அவன் கண் பையின் மேலேயே இருந்தது.

"அக்கா, அதக் குடுங்க. கம்பெனி சாமான். கழுவி மாட்டணும்னு பாஸ் சொன்னாரு. நாளைக்குக் கவர்மெண்ட் ஜாபாத்தான் ஆளு வருதாம், பாதுகாப்ப விசாரிக்க."

"அதுக்குள்ள கழுவணுமா?"

"எனக்குச் சூசா குடுக்காதீங்கக்கா, தொல்லையாப் போயிரும்." அவன் பையின் காதைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. அவள் கையை முறுக்கினான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பை கிழிந்து, இரும்பு தரையில் விழுந்து, தாழ்வாரத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்க உருண்டது. உள்ளேயிருந்து திருகுத் தண்டு பாதி வெளியே வந்து நின்றது. அதன் பள்ளங்களில் சிவப்பு நைலான் இறுக்கமாக, ஒழுங்காக, நூல்கண்டில் சுற்றியதைப் போலச் சுற்றியிருந்தது. முடிச்சு அப்படியே இருந்தது. பூசாரி நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்.

"அலமாக்... ஐயோ," என்றான் செல்வா. தன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். அவள் பல் பட்ட இடம் அதற்குச் சற்று மேலே சிவந்திருந்தது. மெல்ல உட்கார்ந்தான்.

"கூடு திரும்ப மாட்டியாச்சு அக்கா. நான்தான் மாட்டுனேன், காலைலயே," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "அந்தப் பொண்ணே கூட்டைக் கழட்டுச்சின்னு சொல்லச் சொல்றாரு. அப்புறம்... வீட்டுக்குத் தூரமா இருந்துக்கிட்டு மிஷினத் தொட்டுருச்சாம். தீட்டாம். அதான் முனியாண்டி தண்டிச்சிட்டாருன்னு பொம்பளைங்க எல்லாம் பேசிக்குறாங்க."

"பொம்பளைங்களுக்கு யாரு சொன்னா?"

அவன் தன் கயிற்றின் நுனியைத் திருகினான்.

"ஏன்டா, மிஷினுக்கு மூக்கு இருக்கா மோந்து பாக்க? சேவல் ரத்தம் சுத்தம், அவ ரத்தம் தீட்டா?"

அவன் இரும்பைத் தொடாமல் எழுந்து போனான்.

மாலையில் லோஷினி கண் விழித்தாள். கட்டுப்போட்ட குட்டைக் கையைப் பார்த்தாள். அழவில்லை. அரைத் தூக்கத்தில் இருந்தபோது அம்மா வந்து போயிருந்தாள், கூடத்துத் தீட்டுப் பேச்சும் அவளோடு வந்து சேர்ந்திருந்தது. செல்வராணியின் காதுக்கருகே கேட்டாள்:

"அக்கா, இன்னிக்கு எனக்கு ரெண்டாம் நாள். அதனாலயா?"

செல்வராணிக்குத் தாயின் வெந்த கண் ஞாபகம் வந்தது. வேப்பிலை ஞாபகம் வந்தது. கை போனதோடு கமலநாதன் நிற்கவில்லை. போன கைக்குக் குற்றத்தையும் இவள் தலையிலேயே கட்டியிருக்கிறான். இந்தப் பேச்சு நிலைத்துவிட்டால் லோஷினி சாகும்வரை தன்னையே நொந்துகொண்டு கிடப்பாள்.

"இல்லடி," என்றாள். "கயிறுனால. கூடு இல்லாததுனால. கழட்டச் சொன்னவனால. நாளைக்கு எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

மறுநாள் காலை அதிகாரி வந்தார். தலையில் முக்காடு போட்ட மலாய்ப் பெண், அதிகம் பேசாதவர். கமலநாதன் விபூதி பூசி, சட்டை மடிப்புக் கலையாமல் கூட வந்தார். தலை கழன்று நின்ற அரவை மிஷினைக் காட்டினார். மேல்தட்டில் கம்பிக்கூடு மாட்டியிருந்தது. கூடு எப்போதும் மாட்டியே இருக்கும், நேற்று அந்தப் பெண் தானே கழற்றியிருக்கிறாள், அவசரக்காரி, சொன்னால் கேட்க மாட்டாள் என்று மலாயில் விளக்கினார். வேலையாட்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள்.

செல்வராணி உள்ளே வந்தாள். உதடு வீங்கியிருந்தது. இரும்புத் தலையைச் சுமந்து வந்து அதிகாரியின் முன்னால் மேசையில் வைத்தாள். 'டொங்' என்று ஒலித்தது. கமலநாதன், "இவளுக்கு இங்க வேலையில்ல, வெளிய போகச் சொல்லுங்க," என்றார். அதிகாரி கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். தண்டில் சுற்றியிருந்த கயிற்றைப் பேனா முனையால் தொட்டுப் பார்த்தார். பிறகு கம்பிக்கூட்டைப் பார்த்தார். மிஷின் முழுக்கக் கொழுப்பும் காய்ந்த ரத்தமும் அப்பியிருந்தன. கூட்டில் தூசியும் அட்டைப் பெட்டி நாரும்தான் இருந்தன. ஒரு சொட்டு ரத்தமில்லை. போல்ட்டுகள் புதிதாக மின்னின.

"சியாப்பா புக்கா?" என்று கேட்டார். யார் கழற்றியது?

கமலநாதன் செல்வாவை முறைத்தார். செல்வா தன் மணிக்கட்டில் இருந்த பல்தடத்தைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"நான்தான்," என்றான் கடைசியில். பிறகு விரலைத் தூக்கிக் கமலநாதனைக் காட்டினான். "அவரு சொன்னாரு. தீபாவளி முடிஞ்சு மாட்டிக்கலாம்னாரு."

"பொய் சொல்றியாடா நாயே!" என்று பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார் கமலநாதன். மேசை கவிழ்ந்தது. ரூபேந்திரன் நடுவில் புகுந்து, மூன்று விரல் கையால் அவர் கழுத்தை வளைத்துப் பின்னால் இழுத்தான். அதிகாரியோடு வந்தவர்கள் பிரித்துவிட்டார்கள். அவ்வளவு பேர் முன்னால், தனக்குக் கீழே வேலை செய்பவனை அடிக்கக் கை ஓங்கியதே கமலநாதனைக் காட்டிக்கொடுக்கப் போதுமாக இருந்தது. அன்றைக்கே கூடத்தை மூடச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு செல்வராணி செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த காரியம். எலும்பு பிரிக்கும் தன் சின்னக் கத்தியை எடுத்தாள். தன் வலது மணிக்கட்டில் இருந்த கயிற்றுக்குள் நுழைத்து, வெளிப்பக்கமாக ஒரு வெட்டு. கயிறு விழுந்தது. ரத்தம் வரவில்லை. கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள்.

"பாத்துக்கங்க. கத்தி பட்டுருச்சு. ஒண்ணும் ஆகல."

சுவரோரமாக நின்றவர்களைப் பார்த்து, "நீட்டுங்க," என்றாள்.

ரூபேந்திரன் முதலில் நீட்டினான். அவன் கயிற்றையும் அறுத்தாள். அடுத்து செல்வா. பிறகு பொட்டலம் கட்டும் பெண் ஒருத்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டு. இரண்டு பேர் நீட்டவில்லை. ஒருத்தி, "வேணாம்கா, பயமா இருக்கு," என்று கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். செல்வராணி அவளைத் திட்டவில்லை. இரும்பைச் சுற்றி எடுத்து வந்த கிழிந்த மஞ்சள் பையில் ஒரு துண்டைக் கிழித்து, தொங்கிய நுனிகளை அவள் கையோடு சேர்த்துச் சுற்றிக் கட்டிவிட்டாள்.

கதை இதோடு நியாயமாக முடிந்தது என்று யாரும் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். கமலநாதனின் கூடம் வேறு பெயர்ப்பலகையோடு மறுபடி திறந்துவிட்டது. கம்பிக்கூடு இப்போது மிஷினில் இருக்கிறது, தள்ளுகட்டையும் வந்துவிட்டது. அவற்றின் விலை லோஷினியின் வலது கை. அவள் இடது கையால் எழுதப் பழகுகிறாள். சிங்கப்பூர்க் கனவு நின்றுபோனது. பைக்கை விற்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். யாராவது தீட்டு என்று வாயெடுத்தால் குட்டைக் கையை மேசைமேல் வைத்து, "இதுகிட்ட சொல்லுங்க," என்கிறாள். செல்வராணிக்குக் கமலநாதன் வேலை தரவில்லை, அவளும் கேட்கவில்லை. வேறொரு கோழி வெட்டும் கூடத்தில் கத்தி பிடிக்கிறாள். சேர்ந்த முதல் நாளே வாசல் ஆணியில் ஒரு கத்தரிக்கோலை மாட்டிவைத்தாள். கயிறு கட்டி வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது தாங்களாகவே வெட்டிக்கொண்டு போகிறார்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த தடவை இறைச்சிக் கடைக்குப் போகும்போது, விலைப்பலகையைப் பார்த்த கண்ணால் உள்ளே ஒருமுறை பாருங்கள். அரவை மிஷினின் வாய்க்கு மேலே கூடு இருக்கிறதா? ரம்பத்துப் பக்கத்தில் தள்ளுகட்டை இருக்கிறதா? வெட்டுகிறவரின் கத்தி பிடிக்காத கையில் கம்பிக் கையுறை இருக்கிறதா? இல்லையென்றால் கடைக்காரரிடம் உரக்கக் கேளுங்கள், வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. பதில் வராவிட்டால் தொழிலாளர் பாதுகாப்புத் துறைக்குத் தொலைபேசி செய்யுங்கள். இயந்திரத்தோடு வேலை செய்கிறவர் உங்கள் வீட்டிலேயே இருந்தால், நாளைக் காலை அவர் வாசலைத் தாண்டும்முன் கையை நீட்டச் சொல்லுங்கள். கத்தரிக்கோலை எடுங்கள். கயிற்றை வெட்டுங்கள்.